சின்னப் புள்ளிகளை நீக்குவது எப்படி?

"சார், நீங்க எழுதுன மாதிரிதான் பண்ணேன்."

பதினைந்து நாள் முன்பு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்த போன் இப்படித்தான் தொடங்கியது. பத்தி எழுதுகிறவன் காதில் விழக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். திட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். உங்கள் பேச்சைக் கேட்டு நடந்தேன் என்று ஒருவர் குரல் உடைந்து சொன்னால்... என்ன பதில் சொல்வது?

பேசியவர் மகேஸ்வரி. கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சந்தில் டிசைன் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கோயில் நோட்டீஸ் எல்லாம் அவர் கை பட்டுத்தான் வெளியே போகும். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர். கம்ப்யூட்டர் பற்றி நான் எழுதினால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுவார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"மலைக்காரங்க மேப்பு திரும்பி வந்துடுச்சு சார். நெலமெல்லாம் நூறு மடங்கு ஆயிடுச்சாம்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. நிலம் எப்படி நூறு மடங்கு ஆகும்?

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். ஆறேழு மாதம் முன்பு மூன்று வாரம் வெக்டர் மென்பொருள் பற்றி எழுதினேன். சாதாரணப் படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். வெக்டரில் எல்லாமே கோடும் கணக்கும்தான் — விசிட்டிங் கார்டில் வரைந்ததை அப்படியே வீட்டுச் சுவர் அளவுக்கு இழுக்கலாம், பிசிறு இருக்காது. கன்ட்ரோல் டி அடித்தால் ஒரு பூ நூறு பூவாகும். கன்ட்ரோல் ஜி அடித்தால் நூறும் ஒரே கட்டாகிவிடும். இப்படி இருபதுக்கு மேல் டிப்ஸ். நல்ல வரவேற்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒன்றை மட்டும் இங்கே திரும்பத் தருகிறேன். என் வார்த்தைகள்தான்:

"ஸ்கேன் செய்த படத்தை ட்ரேஸ் செய்து வெக்டர் கோடுகளாக மாற்றும்போது தேவையில்லாத சின்னச் சின்னப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் வந்து கம்ப்யூட்டரைத் திணற வைக்கும். கவலை வேண்டாம். செட்டிங்கில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. வலப்பக்கம் தள்ளுங்கள். சின்னப் புள்ளிகள் அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போய்விடும்."

இதில் பிழை ஏதாவது தெரிகிறதா? எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். தியாகதுருகம் தாண்டும்போது மகேஸ்வரி மறுபடி கூப்பிட்டார். "மலையிலேர்ந்து அண்ணனும் வந்துக்கினு இருக்காரு சார். நேரா கடைக்கே வந்துடுங்க."

எட்டடிக்குப் பத்தடி கடை. ஒரு சுவர் முழுக்க சாம்பிள் பத்திரிகைகள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரைபடம் திறந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பாலிதீன் சுற்றிய சார்ட் பேப்பர் ஒன்றை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பொன்னையன். வெள்ளிமலைக்கு அப்பால், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் நடந்து போக வேண்டிய ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிறார். தலைமுறையாகக் காட்டு நிலத்தில் பயிர் செய்கிறவர்கள் அந்த நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனுப் போடலாம் அல்லவா? அதற்காக அந்த ஊரில் அமைத்த குழுவுக்கு இவர்தான் செயலாளர்.

"இன்னா தெரியுது, சொல்லுங்க சார்," என்றார் மகேஸ்வரி.

"மேப்."

"நல்லாப் பாருங்க. பேப்பர்ல வேல பாத்தவரு நீங்க."

பார்த்தேன். அழகான வேலை. ஓடை வளைந்து போகிறது. ஜீப் பாதை, பாறை, மாரியம்மன் கோயில், அவரவர் காட்டின் எல்லை. எல்லாம் ஊர்க்காரர்கள் சார்ட்டில் கையால் வரைந்து, கையால் எழுதியது. ஓரத்தில் ஓர் அட்டவணை: வரிசை எண், பெயர், ஏக்கர். முதல் பெயரைப் படித்தேன். இரண்டாவதைப் படித்தேன். மூன்றாவதில் கண் நின்றது.

பொனனையன. செலலன. வெளளசசி.

மேப்பில் எங்குமே மெய்யெழுத்து இல்லை. ஒரு புள்ளி கிடையாது.

நடந்தது இதுதான். சார்ட்டைக் களத்தில் விரித்து வைத்து வரைந்திருக்கிறார்கள். மண், சாமை உமி, வியர்வைக் கை பட்ட தடம், எல்லாம் அதில் ஒட்டியிருந்தது. மனுவை வாங்கும் அரசு அலுவலகத்தில் தெளிவான பெரிய பிரதி மூன்று கேட்டார்கள். மகேஸ்வரி சார்ட்டை நான்கு துண்டாக ஸ்கேன் செய்து, சேர்த்து, ட்ரேஸ் போட்டார். மண்ணும் உமியும் ஆயிரமாயிரம் துணுக்குகளாக வந்து கம்ப்யூட்டர் நின்றுபோனது. அப்போது என் டிப்ஸ் நினைவுக்கு வந்திருக்கிறது. ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினார். சின்னப் புள்ளிகள் அத்தனையும் ஒரே நொடியில் போயின.

மண்ணும் போனது. உமியும் போனது. ன் மேல் இருந்த புள்ளி, ல் மேல் இருந்த புள்ளி, எல்லாம் போனது. மென்பொருளுக்கு உமியும் மெய்யெழுத்தும் ஒரே அளவுதானே?

"பேரு போனாப் போவுது சார். படிச்சிக்கலாம். நம்பரப் பாருங்க," என்றார் மகேஸ்வரி.

பொன்னையனின் நிலம் 1.10 ஏக்கர். மேப்பில் 110. செல்லன் என்பவருக்கு 2.25. மேப்பில் 225. வெள்ளச்சி என்ற பெண்ணுக்கு அரை ஏக்கர்கூட இல்லை, 0.45. மேப்பில் 045. முன்னால் ஏன் ஒரு சைபர் நிற்கிறது என்று யாருமே கேட்கவில்லை.

கூட்டிப் பார்த்த அலுவலகம், கோரப்பட்ட பரப்பு கள நிலவரத்துடன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதி மனுக்களை மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டது.

"அங்க ஒருத்தரு கேக்குறாரு சார்," பொன்னையன் முதல்முறையாகப் பேசினார். "இன்னாய்யா, மலைய மொத்தமா எழுதிக்கினு வந்துட்டீங்க, கீழ நைனார்பாளையம் வரைக்கும் வேணுமான்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நைனார்பாளையத்துல சாமை வெளையாதுங்க, வேணாம்னேன்."

மகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாம் இந்தக் கையால வந்த வென சார்," என்றார். "சின்னப் புள்ளின்னா ஒரே தட்டுல தூக்கிட்டான். பெரும்புள்ளின்னா எவன் கை வெப்பான்?"

அவர் கையால் அல்ல. தூசு என்று எழுதியிருக்கலாம். துணுக்கு, பிசிறு, அழுக்கு... எத்தனை சொற்கள் இருக்கின்றன! 'புள்ளி' என்று எழுதினேன். தமிழில் எழுத்து நிற்பதே எந்தப் புள்ளியின் மேலோ, அந்தப் புள்ளியைத் 'தேவையில்லாத' என்று அடைமொழி போட்டு எழுதினேன். மகேஸ்வரி எழுத்துப் பிசகாமல் அதைச் செய்தார்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. மேப் முடிந்த அன்றே அவர் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். "உங்க டிப்ஸ்ல பண்ணது சார்" என்று கீழே ஒரு வரி. நான் "பிரமாதம்" என்று பதில் போட்டு, கட்டைவிரலும் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. கடையில் உட்கார்ந்தே பெரிதாக்கிப் பார்த்தேன். வெளளசசி. 045. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தும் மேசையில் இருந்தவன் நான். ஒரு மந்திரி பெயரில் புள்ளி விழவில்லை என்று ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னவன்.

பொன்னையனும் பார்த்திருக்கிறார். ஊரே பார்த்திருக்கிறது. கிராம சபையில் மேப்பை விரித்து, பெயர் பெயராக வாசித்து, எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"பேரு இருக்கான்னு பாத்தோம் சார். இருந்துச்சு. அதுக்கு மேல இன்னாத்தப் பாக்குறது?"

நியாயம்தான். தமிழ் படித்துப் பழகிய கண் இல்லாத புள்ளியைத் தானே வைத்துக்கொண்டு படித்துவிடுகிறது. ஓலைச் சுவடியில் புள்ளி கிடையாது; படித்தார்கள். டீக்கடை போர்டில் பாதிப் புள்ளி உதிர்ந்திருக்கும், படிக்கிறோம். புள்ளி போன பெயர் வெறும் பிழை. புள்ளி போன எண்ணோ வேறொரு எண்.

டிப்ஸ் எழுதிப் பழகியவனுக்கு வெட்கம் குறைவு. இதையும் எழுதிவிடுகிறேன். ட்ரேஸ் செய்யும் முன் ஸ்கேன் படத்தைத் தனி லேயரில் போட்டுப் பூட்டி வையுங்கள், அழிக்காதீர்கள். முடித்த பிறகு மேல் லேயரைப் பாதி மங்கலாக்கி, அடியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். எழுத்து இருக்கும் பகுதியை ட்ரேஸ் செய்யவே செய்யாதீர்கள், வெட்டித் தனியே வைத்துவிட்டுப் புதிதாக டைப் செய்யுங்கள். எண் என்றால் ஒருவர் அசலைப் பார்த்து "ஒண்ணு, புள்ளி, ஒண்ணு, சைபர்" என்று வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் விரல் வைத்துச் சரிபாருங்கள். மகேஸ்வரியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் அட்டவணையைப் புதிதாக டைப் செய்து, புள்ளிகள் அத்தனையும் வைத்து, மூன்று பிரதி எடுத்தார். அசல் சார்ட்டையும் தூக்கிக்கொண்டு மூவரும் அலுவலகம் போனோம். காத்திருந்தோம். சம்பந்தப்பட்ட எழுத்தர் ஐம்பதை நெருங்கியவர், பொறுமைசாலி. சார்ட்டை மேசையில் விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"இதுல புள்ளி இருக்குதுங்க," என்றார்.

"இருக்குதுங்களே!" — மகேஸ்வரி.

"ஆனா தீர்மானத்தோட சேந்து வந்தது அந்த மேப்புங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டது அதுலதான்."

"பாத்தாலே தெரியுதுல்லிங்க? மலையில எவனுக்கு எரநூத்தி இருவத்தஞ்சு ஏக்கரு இருக்கு?" என்றார் பொன்னையன்.

"எனக்குத் தெரியுது. எங்க ஆபீசருக்கும் தெரியுது. ஆனா..." எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். "புள்ளிய நான் வெச்சா அது திருத்தம். நீங்க வெச்சா மோசடி. கிராம சபை வெச்சாத்தாங்க அது புள்ளி."

இத்தனை வருட வேலையில் எத்தனையோ அதிகாரிகளின் விளக்கங்களைப் பிழை திருத்தி அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அதில் எதிர்த்துப் பேச ஓர் இடம்கூட இல்லை என்பதுதான் கொடுமை.

மாவட்ட அளவில் மனுக்களை முடிவு செய்யும் கூட்டம் மாதக் கடைசியில். அதற்குள் கிராம சபை கூடி, புது மேப்பை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும். தவறினால்? அடுத்த கூட்டம் எப்போது என்று எழுத்தருக்கே தெரியாது.

"சபைக்கு ஊர்ல பாதிப் பேராச்சும் வரணும்," என்றார் பொன்னையன், வெளியே வந்ததும்.

"வருவாங்கல்லண்ணா?"

"தீவாளி முடிஞ்சதும் பாதி சனம் காப்பித் தோட்டத்துக்கு வண்டி ஏறிடுச்சும்மா. பழம் பறிச்சி முடிச்சிட்டு, பொங்கலுக்குத்தான் வருவாங்க."

ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போயிருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு முறை எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, போன ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. நானும் போயிருந்தேன். வெள்ளிமலை வரை பஸ், பிறகு ஜீப், பிறகு நடை. மகேஸ்வரி புது மேப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். பள்ளிக்கூட வாசலில் பாய் விரித்திருந்தார்கள். பத்து மணிக்கு என்று அறிவித்த கூட்டம். பன்னிரண்டு வரை ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மலைப் பாதையில் ஒரு வளைவில்தான் போன் எடுக்கும். பொன்னையன் அங்கே போய் நின்று தோட்டத்தில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். திரும்பி வந்தார்.

"இன்னா சொல்றாங்கண்ணா?"

"இப்பக் கெளம்பி வந்தா, திரும்பிப் போனா வேல இருக்காதாம். நாம எப்டி வான்னு சொல்றது?"

வந்திருந்த பெண்களில் ஒருவர் மேப்பின் பக்கத்தில் வந்து குந்தினார். அவர்தான் வெள்ளச்சி. தன் பெயர் எங்கே என்று கேட்டார். மகேஸ்வரி காட்டினார்.

"இதுல எதும்மா காணாமப் போச்சு?"

"இதுதான்க்கா. இந்தப் புள்ளி."

"இத்தினூண்டா?"

"ஆமாக்கா."

"இது இல்லன்னா இன்னாவாம்?"

"அரை ஏக்கருக்குக் கம்மியா இருக்கறது நாப்பத்தஞ்சு ஏக்கரு ஆயிடும்."

"அப்ப ஜாஸ்திதான ஆவுது? அப்டியே வுட்டுடேன், எவன் வேணாங்கறான்?"

பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பொன்னையனும் சிரித்தார். அன்றைக்குக் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

ஒரு மணிக்குத் தலை எண்ணினார்கள். வேண்டிய எண்ணிக்கைக்குப் பதினான்கு பேர் குறைந்தார்கள். ஊராட்சிச் செயலர் நோட்டைத் திறந்து 'கோரம் இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை' என்று எழுதினார். ஆங்கிலத்தில் வெறும் எண்ணிக்கையைக் குறிக்கிற அந்தச் சொல்லை ஏன்தான் தமிழில் இப்படி எழுதுகிறோமோ! வந்தவர்கள் எழுந்து அவரவர் காட்டுக்குப் போனார்கள். சாமை அறுப்பு நேரம்.

கால அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். நான்தான் எழுதினேன். அதை மட்டும் மூன்று முறை படித்துப் பார்த்தேன். திங்களன்று எழுத்தர் வாங்கி முத்திரை வைத்தார். மேலே அனுப்புகிறேன் என்றார். இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. மாதம் முடிய இன்னும் நான்கு நாள்.

கூட்டம் கலைந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மேப்பின் பிரதிகள் மூன்றும், அலுவலகம் திருப்பி அனுப்பியவை, பொன்னையனின் பையில் இருந்தன. மகேஸ்வரி அவற்றை எடுத்துப் பள்ளிக்கூடத் திண்ணையில் விரித்தார். கைப்பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார்.

"அண்ணா, நானே வெச்சிடறேன். நம்பருல மட்டும், இருவது இருவத்தஞ்சு எடந்தான். மொதல்லியே இருந்த மாதிரியே இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் வைத்தால் நிஜமாகவே தெரியாதுதான். அவ்வளவு நேர்த்தியான கை. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு ஏது? வை என்று சொல்லும் தைரியமும் இல்லை.

பொன்னையன் மேப்பைச் சுருட்டினார். அவசரமில்லாமல், ஓரம் மடங்காமல்.

"வேணாம்மா. அந்த ஆபீசுல இதுக்கு நகல் இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, மலைக்காரன் திருத்திட்டான்னு சொல்லுவான். அதுக்கப்புறம் நெசமா இருக்கற புள்ளியக்கூட எவனும் நம்ப மாட்டான்."

மகேஸ்வரி பேனாவை மூடினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜீப் நிற்கும் இடம் வரை பொன்னையன் எங்களோடு வந்தார். வண்டி கிளம்பும் முன் என் பக்கம் வந்து நின்றார்.

"சார், அந்தப் புஸ்தகத்துல நீங்க எழுதுனது தப்பாப் போச்சுன்னு இந்தம்மா சொல்லுச்சு. அதைத் திருத்தி எழுதலாமா?"

"எழுதலாங்க. இந்த வாரமே எழுதறேன்."

"அதுக்கு எத்தினி பேரு வந்து கையெழுத்துப் போடணும்?"

"யாரும் வேணாங்க. நானே எழுதிக்கலாம்."

அவர் மேப் இருந்த பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"குடுத்து வெச்சவங்க சார் நீங்க."